மூப்பரம்மா ஏன் வேண்டாம் என்றார்?

மூப்பரம்மாவின் அடக்கம் முடிந்து, ஆட்கள் குடைகளையும் பைகளையும் தேடி எடுத்துக்கொண்டு கலைய ஆரம்பித்தபோது, போதகர் பேத்தியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனைல பாட்டியைப் பத்தி நீங்க கொஞ்சம் பேசணும்மா."

"நானா? அப்பா பேசுவாரே. அத்தை இருக்காங்க."

"அவங்க ரெண்டு பேரும் உங்களைத்தான் சொன்னாங்க. பாட்டிக்கு உங்க மேலதானே உசிரு."

பேத்திக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. "நான் சபைக்கே வர்றதில்லையே பாஸ்டர்."

"அதனால என்ன? அவங்க வந்தாங்கல்ல?" என்று சொல்லிவிட்டு, அதுவே பதில் என்பது போல அவர் நகர்ந்துவிட்டார். அது எப்படிப் பதிலாகும் என்று யோசித்துக்கொண்டு நின்றதில், முடியாது என்று சொல்ல அவளுக்கு மறந்தே போயிற்று.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யோசித்தாள். பாட்டியைப் பற்றிப் பேச விஷயத்துக்கா பஞ்சம்? ஊரே அவரை மூப்பரம்மா என்றுதான் கூப்பிட்டது. பெற்ற மகனும் மகளும்கூடக் கோபம் வந்தால் "மூப்பரம்மா சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். சபைக் காரியங்களை முடிவு செய்யும் மூப்பர்களில் ஒருவராக அங்கே ஆன முதல் பெண் அவர்தான். அதற்கு முன்னும் பின்னும் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். நீராவியில் சூடேறிய பெரிய உருளைக்குள் ஈரப் போர்வையைக் கசங்காமல் நுழைப்பது அவர் வேலை. உருளை ஒருமுறை அவரையும் சேர்த்து இழுக்கப் பார்த்தது. இடது முன்கையில் தோல் சுருங்கிப் பளபளவென்று ஒரு பட்டை அதற்குச் சாட்சியாக இருந்தது. அதைப் பற்றிக் கேட்டால், "போர்வைக்கு ஒண்ணும் ஆகல" என்பார்.

மூப்பர் ஆன கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பொம்பளை எப்படி அப்பமும் ரசமும் வைத்த நற்கருணைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பது என்று அப்போதிருந்த மூத்த மூப்பர் ஒருவர் இழுத்தாராம். "தினமும் ஈரப் போர்வைக் கூடையைத் தூக்குறேன். தட்டு என்ன அவ்வளவு கனமா?" என்று பாட்டி கேட்டாராம். கிண்டல் இல்லை, நிஜமாகவே எவ்வளவு கனம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று பின்னாளில் சொன்னார். ஆனால் அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூத்த மூப்பரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க அவருக்கு வாய் வரவில்லை.

முன்வரிசையில் நடைபாதை ஓரம் அவர் இடம். பிரசங்கம் நீண்டுபோனால் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். "அவங்க கையைத் திருப்பினா எனக்குத் தானா ஆமென் வந்துடும்" என்று போதகரே சொல்வார். நோயாளிகளைப் பார்க்கப் போனால் ஜெபத்துக்கு முன்னால் படுக்கையை ஒருதரம் தட்டி விரிப்பார். ஜெபமோ, சரியாகக் காது கேட்காத ஒருவரோடு போனில் பேசுவது போலிருக்கும். "நேத்தே சொன்னேனே. இன்னும் ஒண்ணும் நடக்கலையே. எப்போ பாக்கப் போறீங்க?" என்று சமையலறையிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு, பாட்டி யாரையோ திட்டுகிறார் என்று பேத்தி சிறுபிள்ளையாக இருந்தபோது ஒளிந்துகொண்டதுண்டு.

இதையெல்லாம் சொல்லலாம். நாலு பேர் சிரிப்பார்கள், இரண்டு பேர் கண்ணைத் துடைப்பார்கள், இறங்கி வந்துவிடலாம். ஆனால் அந்த மேடையில் ஏறி நின்றால் அந்த ஒரு விஷயத்தை எப்படித் தாண்டிப் போவது?

விஷயம் இதுதான். சில வருடங்களுக்கு முன் சபையின் பெஞ்சுகளைப் பழுது பார்க்க ஒரு தச்சர் வந்தார். பேத்தி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். பெஞ்சைத் தடவிப் பார்த்தே கோணலைச் சொல்கிற மனிதரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவருக்கும் பிடித்தது. சிக்கல் என்னவென்றால், அவருக்கு முன்பே கல்யாணமாகி விவாகரத்தும் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவருக்குச் சபையில் கல்யாணம் செய்து வைப்பதென்றால் மூப்பர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் தலையாட்டாவிட்டாலும் இல்லை என்றுதான் அர்த்தம்.

மூப்பர்கள் கூடிய அன்று இருவரும் அந்த அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேத்திக்குத் துளியும் பயமில்லை. உள்ளே இருப்பது சொந்தப் பாட்டி. கதவும் மெல்லிய கதவு. ஒவ்வொருவராக "சம்மதம்", "எனக்கும் சம்மதம்" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. கடைசியாகப் பாட்டியின் குரல்.

"எனக்குச் சம்மதம் இல்லை. வேண்டாம்."

அதற்குப் பிறகு உள்ளே குசுகுசுவென்று என்னென்னவோ பேச்சு. எதுவும் காதில் ஏறவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்த பாட்டி இவர்கள் இருவரையும் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டீ குடிச்சீங்களா?"

பேத்தி விருட்டென்று எழுந்து போனாள். அதோடு அந்தச் சபை வாசலை மிதிக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். பாட்டிக்குச் சொல்லவில்லை, அப்பா சொல்லியிருக்க வேண்டும். அன்று காலை இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அலுவலக வாசலில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார் பாட்டி. கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்த வெள்ளைச் சேலை, கையில் பூங்கொத்து. நாற்காலியில் தூசி இருக்கிறது என்று குமாஸ்தாவை ஒரு பிடி பிடித்தார். சாட்சிக் கையெழுத்துப் போட, "நகருங்க, நான் போடுறேன்" என்று முன்னால் வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, தச்சரின் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதார். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. தச்சர் திருதிருவென்று விழித்தார்.

"அன்னைக்கு வேணாம்னு சொன்னீங்களே பாட்டி! இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?" என்று பேத்தி எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டாள்.

"அது அது. இது இது," என்றார் பாட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பிறகு வாராவாரம் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளையின் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார். அவர் தட்டில் மட்டும் இன்னொரு கரண்டி போட்டார். கிளம்பும்போது பேத்தியிடம், "ஞாயித்துக்கிழமை வர்றியா?" என்பார். "வரல." "சரி." அவ்வளவுதான். கடைசிவரை அவ்வளவுதான்.

கடைசி நாளிலாவது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியான நேரம் அவர் படுத்துக் கிடந்தார். போதகர் குனிந்து, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். எல்லோரும் கட்டிலை நெருங்கினார்கள். "தலையணை உறை உள்பக்கம் வெளியே இருக்கு," என்றார் பாட்டி. நர்ஸ் வந்து மாற்றினார். மாற்றிய தலையணையில் தலை வைத்தவர் பிறகு கண் திறக்கவில்லை. அந்தச் சொல்லில் ஆழ்ந்த அர்த்தம் இருக்கிறது என்று போதகர் நினைத்தார். தலையணை உறையைத் தவிர அதில் வேறு ஒன்றுமில்லை என்று அத்தை நினைத்தார். பேத்திக்கு எந்தப் பக்கம் சேர்வதென்றே தெரியவில்லை.

முதலில் அப்பாவிடம் போனாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவர், சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிப் பழகியவர்.

"இதுல என்ன குழப்பம்? அம்மாவுக்குக் கல்யாணம்னா ஒரே ஒருதரம்தான். எங்கப்பா போனப்புறம் அவங்க வேற யாரையாவது ஏறெடுத்துப் பாத்தாங்களா? அதே அளவுகோலை உன் வீட்டுக்காரருக்கும் வெச்சாங்க. அவ்வளவுதான்."

"அப்போ கையெழுத்து எதுக்குப் போட்டாங்க?"

"அது பாசம்."

பாசமும் கொள்கையும் தனித்தனிப் பெட்டி என்று அப்பா எளிதாகப் பிரித்துவிட்டார். பேத்திக்கும் அது ஓரளவு சரியென்றே பட்டது. அந்தச் சரி மறுநாள் அத்தையின் வீட்டுப் படியேறும் வரைதான் நீடித்தது.

அத்தை பாட்டியின் துணிமணிகளைக் கட்டில் மேல் பரப்பி, கொடுப்பது எது வைத்துக்கொள்வது எது என்று பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாமே முனையோடு முனை சேர்ந்து மடித்திருந்தன. அப்பா சொன்னதைப் பேத்தி சொன்னதும் அத்தை கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

"உங்கப்பன் இன்னும் அந்தக் கதையத்தான் சொல்லிட்டுத் திரியுறானா? தாத்தா போனார்னா எங்க போனார்னு சொன்னான்?"

"இறந்துட்டார்னு..."

"யாருடி சொன்னா இறந்துட்டார்னு? அம்மா சொன்னாங்களா? யோசிச்சுப் பாரு."

பேத்தி யோசித்துப் பார்த்தாள். பாட்டி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லைதான். தாத்தா எங்கே என்று கேட்டால், "அவர் இல்ல" என்பார். கேட்டவர்கள் "அடடா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

"அவர் இல்ல. வீட்டுல இல்ல. அதான் அர்த்தம்," என்றார் அத்தை. "வேற ஊர்ல, வேற ஒருத்தியோட இருந்தார். எனக்கு விவரம் தெரிஞ்ச வயசு. உங்கப்பன் கைக்குழந்தை. கேட்டவங்களா அவரைச் சாகடிச்சுக்கிட்டாங்க. அம்மா பொய்யும் சொல்லல, திருத்தவும் இல்ல."

"அத்தை!"

"இன்னும் கேளு. நான் பள்ளிக்கூடம் முடிக்கிற சமயம் அவர் வந்தார். விவாகரத்துக்குக் கையெழுத்து வேணும்னு வாசல்ல நின்னார். சட்டை கசங்கிப்போய் இருந்துச்சு. அம்மா ஒரு வார்த்தை பேசல. படிச்சுப் பாத்தாங்க, கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம், 'கழட்டுங்க'ன்னாங்க. அவர் பயந்துட்டார். சட்டையைத்தான் சொன்னாங்க. வாங்கித் தேச்சுக் குடுத்து, அதைப் போட்டுக்கிட்டுப் போகச் சொன்னாங்க."

"எதுக்குத் தேச்சாங்க?"

"அதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல," என்று அத்தை துண்டை மறுபடி கையில் எடுத்தார். "கோவமான்னு பாத்தா கோவம் இல்ல. பிரியமான்னு பாத்தா அப்படியும் தெரியல. கசங்கியிருந்துச்சு, தேச்சாங்க. கேட்டா அப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது பேத்திக்குத் தலை சுற்றியது. பாட்டிக்கே விவாகரத்து ஆகியிருக்கிறது. கட்டிய புருஷனுக்கு முகம் கோணாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தச்சருக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்றார்? தன் சங்கதியை மறைத்து வைத்துக்கொண்டா இவ்வளவு காலம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்? இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்து வந்தாள்.

அடுத்த நாள் கடைக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். அவரும் ஒரு மூப்பர்தான். பாட்டிக்கு அடுத்தபடி சபையில் மூத்தவர். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றார். மங்கலோடு வேறு ஏதோவும் இருக்கிறது என்பது அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துத் திருகிய விதத்திலேயே தெரிந்தது. இருட்டறை நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கனத்த சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள்.

"இது தெளிவா இருக்கா, இதுவா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான்மா தெரியுது."

"நல்லாப் பாருங்க. இது... இது?"

"முதல்ல போட்டது. இல்ல, இரு. ஞாயித்துக்கிழமை நீ என்னம்மா பேசப் போற?"

"தெரியல மாமா. பாட்டிக்கு விவாகரத்து ஆனது சபைக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? மூப்பர் ஆக்குறதுக்கு முன்னாடி அவங்களே எழுந்து நின்னு சொன்னாங்க. 'புருஷன் போயிட்டார், கையெழுத்தும் போட்டாச்சு. இதுக்கு மேல வேணும்னா வையுங்க, வேணாம்னா விடுங்க'ன்னாங்க. பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்."

அவள் கையிலிருந்த வில்லை நழுவி மடியில் விழுந்தது. "அப்புறம் ஏன் மாமா எனக்கு வேணாம்னாங்க?"

அவர் சட்டத்தோடே அவள் பக்கம் திரும்பினார். ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் தெரிந்தது. "உனக்கு யாரும் சொல்லலையா? கதவு வழியாக் கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"வேணாம்னு சொன்னது மட்டும்தான் கேட்டுச்சு."

"நாசமாப் போச்சு," என்றார் அவர். பிறகு நிதானமாகச் சொன்னார். பேத்தியின் கல்யாணப் பேச்சுக்கு முந்தி, சலவைக்கூடத்தில் பாட்டியோடு போர்வையின் மறுமுனையைப் பிடித்து வேலை பார்த்த பெண்ணின் மகள் ஒருத்தி, முடி வெட்டும் கடை வைத்திருப்பவள், இதே மாதிரி வந்து கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை விவாகரத்து ஆனவர். அந்தப் பழைய மூத்த மூப்பர் முடியாது என்றுவிட்டார். மற்றவர்கள் பெரியவரை எதிர்த்துப் பேசவில்லை. பாட்டியும் பேசவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள்.

"அப்புறம் பெரியவர் காலமாயிட்டார். உன் விஷயம் வந்துச்சு. மூப்பரம்மா பேத்தியாச்சே, யார் மறுப்பாங்க? எல்லாரும் சம்மதம்னோம். உங்க பாட்டி என்ன சொன்னாங்க தெரியுமா? 'அந்தப் பொண்ணுக்குச் சாத்தின கதவை என் வீட்டுப் பொண்ணுக்கு மட்டும் எப்படித் திறக்குறது? அன்னைக்கு வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்கு எனக்காக மட்டும் வாய் திறந்தா அது நியாயமா?'ன்னாங்க."

பேத்தி மடியில் கிடந்த வில்லையைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"அதோட விட்டாங்களா? அந்த விதியையே மாத்தணும்னு வருஷக்கணக்கா எங்க உயிரை எடுத்தாங்க. போன வருஷம்தான் மாறுச்சு. மாறின மறுநாளே அந்த முடி வெட்டுற பொண்ணு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாங்க. அவளும் புருஷனும் சபைல வந்து ஆசீர்வாதம் வாங்கினாங்க."

"போன வருஷமா? எங்கிட்ட ஏன் சொல்லல? வாராவாரம் வீட்டுக்கு வந்தாங்களே!"

"நாங்க உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சோம்! நீதான் வீம்புக்கு வரலைன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "எனக்கு எந்தக் கண்ணாடிம்மா?"

அன்று அவருக்கு எந்த வில்லையும் எழுதிக் கொடுக்க அவளால் முடியவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் புருஷனிடம் கொட்டினாள். தச்சர் வேலைக்கூடத்தில் ஒரு அலமாரிக் கதவுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கை மெதுவாகி, கடைசியில் நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"எது தெரியும்?"

"அவங்க வேணாம்னு சொல்லப் போறது. முந்தின நாளே இங்க வந்தாங்க. அதோ அந்த முக்காலில உக்காந்தாங்க. 'நாளைக்கு நான் வேணாம்னு சொல்லப் போறேன் தம்பி. உங்க மேல ஒரு குறையும் இல்ல'ன்னாங்க. காரணமும் சொன்னாங்க. 'அது சரியா தப்பான்னு எனக்கே தெரியல. ஜெபத்துல கேட்டுப் பாத்தேன், அந்தப் பக்கமிருந்து ஒரு பதிலும் காணோம். நானா முடிவு பண்ணிட்டேன்'னாங்க. அப்புறம் அவ்வளவு பெரிய மனுஷி எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க."

பேத்திக்குக் காதை நம்ப முடியவில்லை. "இத்தனை வருஷம் எங்கிட்ட மறைச்சீங்களா?"

"சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாங்க. 'அவளுக்குக் காரணம் தெரிஞ்சா எனக்காக வருத்தப்பட்டுக்கிட்டு இருப்பா. கோவமா இருந்தா நல்லாத் தூங்குவா'ன்னாங்க. சரின்னுட்டேன். நீயும் நல்லாத்தானே தூங்கினே?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவரை எதையாவது எடுத்து அடிக்கலாம் போலவும் வந்தது. கையில் அகப்பட்டது உப்புத்தாள்தான். அதைத் தூக்கி அவர் மேல் எறிந்துவிட்டு உள்ளே போனாள். போனவள் சமையலறை நடுவில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெகுநேரம் நின்றாள். இத்தனை காலம் யார் மேல் கோபப்பட்டாளோ அந்தப் பாட்டி இருந்ததே இல்லை. இருந்த பாட்டி வேறு ஆள். அவர் மேல் இப்போது கோபப்படுவதா, நன்றி சொல்வதா, ஏன் எனக்காக நீங்களே முடிவு பண்ணினீர்கள் என்று சண்டை போடுவதா? சண்டை போட ஆளில்லை என்பதுதான் முதல்முறையாக உறைத்தது. அடக்கத்தில் வராத அழுகை அப்போது வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. முன்வரிசை ஓரத்து இடத்தை மட்டும் யாரும் சொல்லாமலே காலியாக விட்டிருந்தார்கள். பேத்தி மேலே ஏறி ஒலிபெருக்கியின் முன் நின்றாள். மனப்பாடம் செய்து வைத்திருந்தது அத்தனையும் பறந்துபோயிற்று.

"எங்க பாட்டியைப் பத்திப் பேசச் சொன்னாங்க," என்று ஆரம்பித்தாள். "போன வாரம் கேட்டிருந்தா நல்லாப் பேசியிருப்பேன். இந்த வாரம் ஒவ்வொருத்தரா ஒவ்வொண்ணு சொல்லிட்டாங்க. இப்போ எனக்கு அவங்களைத் தெரியும்னு சொல்லவே பயமா இருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சலவைக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். தட்டின் கனத்தைச் சொன்னாள். கசங்கிய சட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "இந்தச் சபைல என் கல்யாணம் வேணாம்னு சொன்ன ஒரே ஆள் எங்க பாட்டி," என்றாள். "ஏன்னு இந்த வாரம்தான் தெரிஞ்சுது. வேற ஒரு பொண்ணுக்குச் சாத்தின கதவை எனக்கு மட்டும் திறக்க அவங்களுக்கு மனசு வரலையாம். அது நியாயம்தான்னு புத்திக்குத் தெரியுது. மனசு இன்னும் ஒத்துக்கல. அவங்களுக்கும் அது சரியா தப்பான்னு நிச்சயமாத் தெரியலையாம். நான் அவங்க எப்பவும் நிச்சயமா இருக்காங்கன்னு நினைச்சேன். நீங்களும் அப்படித்தானே நினைச்சீங்க?"

அவளுக்கு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. "அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். போதகர் எழுந்து, நல்ல சாட்சி என்றார். எதற்குச் சாட்சி என்று அவர் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மூப்பரம்மா மாதிரிக் கண்டிப்பான ஆள் இல்லை என்றார் ஒருவர். அவர் மாதிரி இளகின மனசு யாருக்கு வரும் என்றார் இன்னொருவர். தன்னை வேலையை விடவே கூடாது என்று அவர் தடுத்ததாக ஒரு பெண் சொன்னாள். தன்னை உடனே விடச் சொன்னதாக அவள் தங்கையே சொன்னாள். பேத்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தப்பிக்க வழி தேடிக் கூடத்தின் பின்னால் இருந்த சமையலறைக்குள் நுழைந்தாள்.

அங்கே ஒரு பெண் நற்கருணைக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரற்கடை அளவுக் கண்ணாடிக் கிண்ணங்கள். திரும்பிப் பார்த்து, "வாங்க, துடைக்க ஒரு ஆள் வேணும்," என்று துணியை நீட்டினாள். அவள்தான் முடி வெட்டும் கடைக்காரி என்று பேத்திக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது.

"என்னைப் பத்தித்தானே மேல சொன்னீங்க? பேர் சொல்லாததுக்கு நன்றி," என்றாள் அவள்.

"உங்களுக்கு எங்க பாட்டி மேல கோவம் இல்லையா?"

"இல்லாம? அன்னைக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தா எங்கம்மா என் கல்யாணத்தைப் பாத்துட்டுக் கண்ணை மூடியிருப்பாங்க. சபைல இல்லாம வேற எந்த இடத்துல நடந்தாலும் அம்மா வர மாட்டேன்னுட்டாங்க. அதெல்லாம் மன்னிப்புக் கேட்டாச் சரியாயிடுமா?" கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபடி தண்ணீரில் விட்டாள். "ஆனா வந்தாங்க. வாசல்ல நின்னாங்க. உள்ள வாங்கன்னு நான் உடனே சொல்லல. நின்னுக்கிட்டே இருந்தாங்க. அதையும் சொல்லணும்ல?"

"விதி மாறினதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நானும் கேட்டேன். 'பேத்திகிட்ட போய்ச் சொல்லுங்க'ன்னேன். 'போகணும், போகணும்'னுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒருநாள் முடி வெட்டிக்க வந்தப்போ சொல்லிட்டாங்க. 'அவளைக் கண்டா பயமா இருக்கு'ன்னு."

"யாருக்கு? பாட்டிக்கா? என்னையா?"

"உங்களைத்தான். 'நான் சொல்லி, அவ வர மாட்டேன்னு சொல்லிட்டா அப்புறம் எதை வெச்சு வாரவாரம் கேக்குறது?'ன்னாங்க."

பேத்தி துடைத்த கிண்ணத்தையே மறுபடி துடைத்தாள். சொல்லியிருந்தால் வந்திருப்போமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஒரு நேரம் வந்திருப்போம் என்று பட்டது. அடுத்த நிமிஷமே, எனக்கு இனிமேல் உங்கள் ஆசீர்வாதம் எதற்கு என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லியிருப்போம் என்றும் பட்டது. இருவரும் மீதிக் கிண்ணங்களைக் கழுவித் துடைத்துத் தட்டில் அடுக்கினார்கள்.

வெளியே வரும்போது போதகர் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம் வருவீங்களாம்மா?" என்றார்.

"தெரியல பாஸ்டர்," என்றாள். முன்பென்றால் வரமாட்டேன் என்றிருப்பாள். அவரும் வற்புறுத்தவில்லை.

தச்சர் வாசற்படியில் காத்திருந்தார். "என்ன, ரொம்ப நேரம்?"

"பாட்டிக்கு என்னைக் கண்டா பயமாம்."

அவர் படியிலிருந்து எழுந்தார். "எனக்கும்தான்," என்றார்.

அவள் முறைத்தாள். முறைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். சிரித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. எதற்கென்று அவரும் கேட்கவில்லை, அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. இருவரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள்.